ஆறாம் நம்பர் சட்டை

வண்டிப்பெரியார்,
22-5-1974

திரு. ரத்தினசாமி சார் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. என் பெயர் வீரபாண்டி. பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் என்னை வெறும் எண்ணாகத்தான் எழுதினீர்கள்.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி இங்கே தாலுகா கால்பந்து இறுதி ஆட்டம் நடந்தது. அப்போது இங்கே சர்வேயராக இருந்த நீங்கள்தான் ரெஃபரி. கடைசி ஐந்து நிமிடத்தில் எங்கள் பள்ளிக்கூடம் போட்ட கோலை ஆஃப்சைட் என்று தள்ளினீர்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது. யாரோ பின்னாலிருந்து உங்களை அடித்தார்கள், நீங்கள் விழுந்தீர்கள். அன்று மாலையே எங்கள் ஹெட்மாஸ்டருக்கு எழுதிக் கொடுத்தீர்கள்: "ஆறாம் எண் சட்டை அணிந்த மாணவன் என்னைத் தாக்கியதை என் கண்ணால் கண்டேன்."

ஆறாம் எண் சட்டையில் இருந்தவன் நான். உங்களை அடித்தவன் நான் இல்லை. விழுந்து கிடந்த உங்களைக் குனிந்து தூக்கப் போனேன். நீங்கள் கண்ணைத் திறந்தபோது எதிரே என் சட்டை இருந்தது. அவ்வளவுதான் என் குற்றம்.

பதினைந்து நாள் என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி வைத்தார்கள். பரீட்சை எழுத விட்டதே பெரிய தயவு என்றார்கள். இப்போது ரிசல்ட் வந்துவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி.யில் எனக்கு முதல் வகுப்பு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தின் பன்னிரண்டு வீட்டிலும் காலேஜுக்குப் போகப்போகிற முதல் ஆள் நான்தான். தமிழ் எடுத்துப் படிக்கலாம் என்பதால் சித்தூர் காலேஜுக்கு விண்ணப்பம் போட்டேன். ஜூலை ஒன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். நன்னடத்தைச் சான்றிதழ் இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது. அதைத் தர ஹெட்மாஸ்டர் மறுக்கிறார். "அந்த சர்வேயர் எழுதினதை அவரே மாற்றி எழுதினால் தருகிறேன்" என்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் எங்கள் பள்ளியில் ஓர் ஆட்டம் நடக்கும். படித்து முடித்தவர்கள் ஒரு பக்கம், படிக்கிறவர்கள் ஒரு பக்கம். காலேஜுக்கோ வேலைக்கோ போகுமுன் எல்லோரும் ஒருதடவை வந்து விளையாடிவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் பதினைந்தாம் தேதி. நான் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஆறு வருஷம் நான் ஓடிய மைதானம் சார் அது.

நீங்கள் எழுதியது பொய். அதைத் திருத்தி எழுதுங்கள். நான் கேட்பது தயவு இல்லை.

இப்படிக்கு,
சங்கையா மகன் வீரபாண்டி


கொழிஞ்சாம்பாறை,
30-5-1974

வீரபாண்டிக்கு,

ரயில் வேலைநிறுத்தத்தால் உன் கடிதம் நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. வண்டிப்பெரியாரை விட்டு வந்து, சொந்த ஊரில் இருந்துகொண்டு சித்தூர் தாலுகா ஆபீசுக்குப் போய்வரும் எனக்கு அங்கிருந்து இப்படி ஒரு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பெரியவர்களுக்கு எழுதும் முறை உங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதில்லை போலிருக்கிறது.

எனக்கு நேர்ந்ததைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடினேன். "அடித்தார்கள், விழுந்தீர்கள்." அத்தோடு முடித்துவிட்டாய். அந்த அடியில் என் இடது காதின் சவ்வு கிழிந்தது. நாலு மாதமாகக் கோயமுத்தூர் டாக்டரிடம் அலைகிறேன். நிலம் அளக்கப் போகிற இடத்தில் சங்கிலி பிடிக்கிற ஆள் இடது பக்கம் நின்று அளவைச் சொன்னால் எனக்குக் கேட்பதில்லை. என் சின்ன மகள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். என்னிடம் ஏதாவது கேட்கவேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வருகிறாள். எனக்கு எப்படி இருக்கும் என்று யோசி.

பத்து வருஷமாக லீவு நாளில் விசில் ஊதியவன் நான். யாரும் கேட்டு அல்ல, பந்தாட்டத்தின் மேல் இருந்த ஆசையால் ஊதினேன். அந்தக் கோல் ஆஃப்சைட்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சர்வேயர் வேலை பார்க்கிறவன் ஒரு கோட்டைத் தள்ளிப் போட மாட்டான்.

நீ அடிக்கவில்லை என்கிறாய். சரி. அப்படியானால் அடித்தவன் யார்? உன் கடிதத்தைப் பார்த்தால் உனக்கு அது தெரியும் என்றே படுகிறது. அவன் பெயரை எழுதி அனுப்பு. அன்றே உன் ஹெட்மாஸ்டருக்குத் திருத்திக் கடிதம் போடுகிறேன். பெயர் இல்லாமல் எழுதினால் என்னை யாரும் அடிக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

ரத்தினசாமி


வண்டிப்பெரியார்,
3-6-1974

ரத்தினசாமி சார் அவர்களுக்கு,

உங்கள் காதுக்கு இவ்வளவு ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. இங்கே யாரும் சொல்லவில்லை. வருத்தமாக இருக்கிறது. இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

ஆனால் பெயரைத் தர மாட்டேன்.

அடித்தவனை எனக்குத் தெரியும். நான் பார்த்தேன். அவன் எங்கள் அணியில் விளையாடியவன், எங்கள் லயத்துக்காரன். போன மாதம் தேயிலை ஃபாக்டரியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு அப்பா இல்லை. ஒரு போலீஸ் கேஸ் என்றால் வேலை போகும். வேலை போனால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். அவனுடைய அம்மாவும் தங்கைகளும் எங்கே போவார்கள்?

அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஜனவரியிலிருந்து அவனோடு நான் பேசவில்லை. தண்ணீர்க் குழாயில் எதிரெதிரே நிற்போம், பேச மாட்டோம். என்னை நிறுத்தி வைத்த அன்று அவன் வகுப்பில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவன் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் உங்கள் மேல் இருப்பதைவிடப் பெரியது. அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள விஷயம். அதை உங்களுக்கு நான் விற்க முடியாது.

நீங்கள் கேட்பது விலைதானே சார்? ஒருவன் நிரபராதி என்று சொல்ல இன்னொருவன் பெயரைக் கேட்கிறீர்கள். நான் அடித்ததை நீங்கள் கண்ணால் கண்டிருந்தால் நான் எத்தனை பெயர் சொன்னாலும் மாற்றக் கூடாது. காணவில்லை என்றால் நான் ஒரு பெயரும் சொல்லாமலே மாற்ற வேண்டும். இதில் மூன்றாவது வழி எது?

உங்கள் கடிதத்தால் நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். என் அம்மா அழகுத்தாய், அன்று மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிறார்கள் என்று ஆள் வந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்கோடு அப்படியே ஓடி வந்தாள். ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினார்கள். அவள் இரண்டு கையையும் கூப்பி, "எம்புள்ள தெரியாம செஞ்சிட்டான், மன்னிச்சிருங்க சாமி" என்றாள். செய்யாத ஒன்றுக்கு. நான் பக்கத்தில்தான் நின்றேன். "அம்மா, நான் செய்யல" என்றேன். "பேசாம இரு" என்று என் வாயைப் பொத்தினாள்.

பெரியவர்களுக்கு எழுதும் முறை எனக்குத் தெரியும் சார். முதல் கடிதத்தில் அந்த முறைப்படி எழுத என் கைக்கு வரவில்லை.

வீரபாண்டி


கொழிஞ்சாம்பாறை,
7-6-1974

வீரபாண்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. களத்தில் கடலை உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி சரஸ்வதியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "இந்தப் பொடியன் எழுதியிருக்கிறதப் பாரு" என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, முன்னதையும் கேட்டு வாங்கி, உன் இரண்டு கடிதத்தையும் நான் எழுதியதன் நகலையும் நின்றபடியே படித்து முடித்தாள். பிறகு கேட்டாள்:

"ஏனுங்க, நீங்க பாத்தீங்களா இல்லீங்களா?"

"என்னத்த?"

"அடிச்ச கைய. அத மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

அவள் கடிதங்களை என் கையில் கொடுத்துவிட்டுக் கடலையைக் கிளறப் போய்விட்டாள்.

நான் பார்க்கவில்லை. அடி பின்னாலிருந்து விழுந்தது. முதுகில் கண் வைத்தவனால்தான் அதைப் பார்க்க முடியும். ஆஸ்பத்திரியில் காதில் பஞ்சோடு கிடந்தபோது உன் ஹெட்மாஸ்டர் வந்தார். "யாரையாவது பார்த்தீர்களா?" என்றார். "கண்ணைத் திறந்தபோது ஒரு பையன் குனிந்து நின்றான், ஆறாம் நம்பர்" என்றேன். "லயத்துப் பையன். அவன்தான், வேறு யார்?" என்று சொல்லி அவரே காகிதம் எடுத்து எழுதினார். "என் கண்ணால் கண்டேன்" என்ற வரி அவர் கையெழுத்து. அடியில் உள்ள ஒப்பம் என்னுடையது. வலியில் இருந்தேன், யாராவது ஒருவன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று இருந்தேன். அளக்காத நிலத்துக்கு ஒருநாளும் நான் ஒப்பம் போட்டதில்லை. அன்று போட்டேன்.

இன்று காலை உன் ஹெட்மாஸ்டருக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். "என்னைத் தாக்கியவரை நான் பார்க்கவில்லை. ஆறாம் எண் மாணவன் பற்றி நான் ஒப்பமிட்டது தவறு. அவன் மேல் எடுத்த நடவடிக்கை அநியாயம்" என்று எழுதியிருக்கிறேன். யார் பெயரையும் கேட்கவில்லை. இதோடு அதன் நகல் வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள். உன் ஹெட்மாஸ்டரை நான் முழுக்க நம்பவில்லை.

உன் தாயாரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டு.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். என் காதைக் கெடுத்தவனை நீ மறைக்கிறாய். அவன் வீட்டுக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் உன்னைப் பார்த்து நான் கோபப்படக் கூடாது என்று நீ சொல்ல முடியாது.

ரத்தினசாமி


வண்டிப்பெரியார்,
17-6-1974

மதிப்பிற்குரிய ரத்தினசாமி சார் அவர்களுக்கு,

நீங்கள் நம்பாதது சரி. உங்கள் பதிவுத் தபால் பத்தாம் தேதியே ஹெட்மாஸ்டருக்கு வந்துவிட்டது என்று போஸ்ட்மேன் சூசையப்பன் சொன்னார். பதினைந்தாம் தேதி காலைவரை ஹெட்மாஸ்டர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அன்று காலை ஆள் அனுப்பினார். "சாயங்காலம் வந்து ஆடு. சான்றிதழை ஆட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்" என்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். வேலையை முடித்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் நனைந்தபடியே அம்மாவோடு மைதானத்துக்கு வந்தார்கள். நல்ல மழை. கோல் கம்பத்துக்கு முன்னால் சேறு முழங்கால்வரை இருந்தது.

எனக்கு மறுபடியும் ஆறாம் எண் சட்டையைத் தந்தார்கள். எல்லோரும் வரிசையாக நின்றோம். ஹெட்மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "சென்ற ஜனவரியில் பெரிய தவறு செய்த ஒரு மாணவனின் எதிர்காலத்தை நினைத்து, பள்ளிக்கூடம் பெருந்தன்மையோடு அவனை மன்னித்து இன்று ஆட அனுமதிக்கிறது" என்றார். ஆசிரியர்கள் கை தட்டினார்கள்.

சார், ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கலாமா என்று இருந்தது. அப்படிச் செய்தால், பார்த்தீர்களா, இவன்தான் அடித்தவன் என்பார்கள். நான் நேராக நடு மைதானத்துக்குப் போனேன். பந்து வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தேன்.

டிரில் மாஸ்டர் ஓடி வந்தார். "எழுந்திருடா, என்ன இது?"

"என்னை எதுக்கு மன்னிச்சாங்கன்னு சொல்லச் சொல்லுங்க சார். அப்புறம் எழுந்திரிக்கிறேன்."

பிறகு ஒருவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன்தான். உங்களை அடித்தவன். அவன் வந்து உட்கார்ந்தது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. தள்ளிப் போ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மற்றவர்களும் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் பதினோரு பேர். பிறகு எதிர்ப்பக்கத்துச் சின்னப் பையன்களும். அவர்களுக்கு விஷயம் என்னவென்று தெரியுமோ தெரியாதோ, உட்கார்ந்தார்கள்.

அம்மா கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். ஜனவரியில் கை கூப்பியவள். அவளிடம் உங்கள் கடிதத்தின் நகலைக் கொடுத்து வைத்திருந்தேன், நனையாமல் இருக்க மடியில் வைத்திருந்தாள். மேடைக்கு முன்னால் நின்று அதை எடுத்து நீட்டினாள்.

"எம்புள்ள என்ன செஞ்சான்னு நீங்க மன்னிக்கிறீக? எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிச்சவுக. இந்தக் காயிதத்தப் படிங்க சார். அன்னைக்கு எனக்கு ஒண்ணு படிச்சுக் காட்டினீகள்ல, அதே மாதிரி சத்தமாப் படிங்க."

"அதெல்லாம் ஆபீஸில் பேசலாம்" என்றார் அவர்.

"ஆபீசுக்கு வெளியதான் என்னய நிக்க வச்சீக. இங்கயே படிங்க."

கொழுந்துப் பெண்கள் எல்லோரும், "படிங்க, படிங்க" என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். அவர் படித்தார். வேகமாக, வாய்க்குள். "கேக்கல" என்றாள் மாரித்தாய் சித்தி. இன்னொரு முறை படித்தார். "எடுத்த நடவடிக்கை அநியாயம்" என்ற இடத்தில் அவர் குரல் இறங்கியது, ஆனாலும் மைக் அதை விடவில்லை.

பிறகுதான் எழுந்தோம். ஆடினோம். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். பந்து தண்ணீரில் நின்று நின்று போனது. நான் மூன்று முறை விழுந்தேன். சார், அவ்வளவு நன்றாக நான் எந்த ஆட்டத்திலும் ஓடியதில்லை.

ஆட்டம் முடிந்ததும் அவன் என்கிட்டே வந்தான். "நான் போய்ச் சொல்லிறட்டுமாடா?" என்றான். "ஜனவரியில எங்கடா போயிருந்த?" என்று கேட்டேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். நான் வந்துவிட்டேன்.

சான்றிதழை அன்று தரவில்லை, இன்று காலைதான் தந்தார்கள். நடத்தை "திருப்திகரம்" என்று போட்டிருந்தது. முதல் வகுப்பில் பாஸான எல்லோருக்கும் "நன்று". திருப்பிக் கொடுத்தேன். வராந்தாவில் பதினொன்றரை மணிவரை நின்றேன். மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். நன்று.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன். கோபமும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தேதான் வருகிறது, பிரிக்கத் தெரியவில்லை.

வீரபாண்டி


கொழிஞ்சாம்பாறை,
25-6-1974

அன்புள்ள வீரபாண்டிக்கு,

உன் கடிதத்தை சரஸ்வதி உரக்கப் படித்தாள், என் வலது பக்கம் உட்கார்ந்து. உன் தாயார் மைதானத்துக்குள் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "அவங்களுக்கு நீங்க நேர்ல போயிச் சொல்லோணுமுங்க" என்றாள். போவேன்.

இப்போது எழுதவந்தது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு இளைஞன் எங்கள் வாசலில் வந்து நின்றான். மூன்று பஸ் மாறி வந்ததாகச் சொன்னான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "சார், நாந்தான் ஒங்கள அடிச்சேன்" என்றான்.

ஐந்து மாதமாக இந்த ஆளைப் பற்றி நினைத்திருக்கிறேன். கையில் கிடைத்தால் என்னென்ன செய்வேன் என்றெல்லாம். அவன் வந்து நின்றபோது அவன் சட்டைக் கழுத்து நைந்திருந்ததுதான் முதலில் கண்ணில் பட்டது. "எதுக்கடா அடிச்சே?" என்று கத்தினேன். "அந்தக் கோலு நான் போட்டது சார்" என்றான். அவ்வளவுதான் காரணம். ஒரு கோல். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். அவன் நகரவில்லை. "போலீசுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றான்.

சரஸ்வதி வந்து என் கையைப் பிடித்தாள்.

அவன் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. அவன் சொல்ல வாயெடுத்தான், "வேண்டாம்" என்றேன். "என் காதுக்கு நீ பதில் சொல்லிவிட்டாய், நானும் உன்னை அடித்துவிட்டேன். அதுவும் சரியில்லைதான். ஆனால் உனக்குப் பதிலாக அந்தப் பையன் பட்டிருக்கிறான், அவனைப் பெற்றவள் கை கூப்பியிருக்கிறாள். அவர்களிடம் போய்ச் சொன்னாயா?" என்றேன். "அவன் எங்கூடப் பேச மாட்டேங்கிறான்" என்றான். "அப்படியானால் அந்த அம்மாவிடம் போய்ச் சொல். இங்கே வந்து சொல்வது சுலபம், என்னை நாளைக்கு நீ பார்க்கப் போவதில்லை" என்று அனுப்பினேன். சாப்பிடாமலே போனான்.

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் அது யார் மேல் என்பதுதான் இப்போது தெளிவாக இல்லை.

சித்தூரிலிருந்து எங்கள் ஊருக்கு அடிக்கடி பஸ் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா.

ரத்தினசாமி


சித்தூர்,
4-7-1974

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

காலேஜில் சேர்ந்துவிட்டேன். சான்றிதழை வாங்கிப் பார்த்த குமாஸ்தா ஒரு நிமிஷம்கூடப் படிக்காமல் காகிதக் கட்டோடு சேர்த்துக் கட்டினார். அதற்குத்தான் இத்தனையும்.

அவன் உங்களிடம் வந்தது உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அவன் என் வீட்டுக்கு வந்தது இருபத்தொன்பதாம் தேதி. நான் முதல் நாளே பஸ் ஏறியிருந்தேன். நடந்ததை அம்மா சொல்ல, மாரித்தாய் சித்தி மகள் எழுதி அனுப்பியிருக்கிறாள்.

அவன் வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறான். அம்மா அழவில்லையாம். "எனக்கு மட்டும் சொன்னாப் பத்தாதுலே. எம்புள்ளதான் அடிச்சான்னு இந்த லயமே பேசுச்சு. வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். முதல் வீட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு கதவாகத் தட்டி, "சொல்லு" என்றாளாம். அவன், "நாந்தான் அடிச்சேன், வீரபாண்டி அடிக்கல" என்று சொல்ல வேண்டும். பிறகு அடுத்த கதவு. சிலபேர் திட்டினார்கள். குப்பண்ணன் தாத்தா கட்டையை எடுத்து வந்துவிட்டாராம். அம்மா ஒவ்வொரு வீட்டிலும் கூடவே இன்னொன்றும் சொன்னாள்: "இது எஸ்டேட்டு ஆபீசுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

கடைசியாக அவனுடைய சொந்த வீடு. அந்தக் கதவுக்கு முன்னால் அவன் நின்றுவிட்டான். "ஆத்தாகிட்ட மட்டும் வேண்டாம் அத்த" என்று கெஞ்சினானாம். அம்மா கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாளாம். பிறகு அவளே கதவைத் தட்டினாளாம். திறந்ததும் அவனைத்தான் உள்ளே அனுப்பினாள். அவள் வெளியே நின்றுகொண்டாள், உள்ளே அவன் சொல்லி முடிக்கும்வரை.

அம்மா மேல் எனக்கு இத்தனை நாளும் ஒரு கோபம் இருந்தது சார், அன்று அவள் கை கூப்பியதற்காக. உங்களிடம் அதை எழுதவில்லை.

நேற்று அவனுக்கு ஒரு கார்டு போட்டேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதவில்லை, ஏனென்றால் மன்னிக்கவில்லை. "இங்கே மைதானம் பெரியது, மழையில் தண்ணீர் நிற்பதில்லை" என்று எழுதினேன். வேறொன்றும் வரவில்லை. அப்படியே தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அந்தக் கோல் ஆஃப்சைட் இல்லை சார். அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

வீரபாண்டி